4 வயதுப் பையனுக்கு விடாமல் வரும் கொப்புளம்: பயாப்ஸி அவசியமா, டாப்சோன் கொடுக்கலாமா?

கேள்வி: சின்னவன் அம்மா, திருநெல்வேலி

வணக்கம். என் சின்ன மகனுக்கு 4 வயது, எடை 15 கிலோ. ஆடி கடைசியில் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் நீர்க்கொப்புளம் வர ஆரம்பித்தது, இப்போது ஐப்பசி ஆகிறது, இன்னும் நின்றபாடில்லை. குழந்தை டாக்டர் கிருமித் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் சிரப்பும் தடவ ஆயின்மென்ட்டும் கொடுத்தார். உடைந்த புண் காய்ந்தது, ஆனால் புதுசு வருவது நிற்கவில்லை. வேறொரு கிளினிக்கில் ஸ்டீராய்டு சிரப் கொடுத்தார்கள். குடித்த வரைக்கும் தோல் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. இப்போது வாயைச் சுற்றி, பின்புறம், ஆணுறுப்பின் மேல்கூட இருக்கிறது. ஒன்று உடைந்து பொருக்கு கட்டினால் அந்தப் பொருக்கைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னதாகப் புதுக் கொப்புளம் கிளம்புகிறது, கல் பதித்த தோடு மாதிரி. ராத்திரி தூங்குவதே இல்லை, சொறிந்து சொறிந்து அழுகிறான்.

போன வாரம் தோல் டாக்டரிடம் காட்டினோம். அந்த வட்டத்தைப் பார்த்ததுமே, இது "லீனியர் ஐஜிஏ" என்ற நோயாக இருக்கலாம், அரிதாக வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்றார். பயாப்ஸி எடுக்க வேண்டும், ஜி6பிடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், அப்புறம் டாப்சோன் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தைக்கு இது அக்கி, ஊருக்குக் கூட்டிப்போய் அக்கி எழுதினால் இறங்கிவிடும். இவருக்கோ பயாப்ஸி என்றாலே கேன்சர் நினைப்பு. மருந்துக்கடையில் டாப்சோன் இருக்கிறதா என்று விசாரித்தேன். "இது குஷ்டத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே, வீட்டில் யாருக்கு?" என்று நாலு பேர் நிற்கும்போது சத்தமாகக் கேட்டார் கடைக்காரர். அதிலிருந்து எனக்கே கை நடுங்குகிறது. ஒட்டுவாரொட்டியா இல்லையா என்று தெரியாமல் எல்கேஜி மிஸ்ஸும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பயாப்ஸி இல்லாமலே மருந்து ஆரம்பிக்க முடியாதா? இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு டாப்சோன் கொடுத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஆயுசுக்கும் இருக்குமா இது?


பதில்: ஈரோட்டு அப்பா

சகோதரி, என் மகளுக்கு 3 வயதில் இதே நோய். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள், மருந்தை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, தோலில் ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் எங்களுக்கு இப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

பயாப்ஸிக்குப் பயப்படாதீர்கள். பெயர்தான் பெரிசு. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பேனா மூடி போன்ற ஒரு சின்னக் கருவியை வைத்துத் திருகி எடுக்கிறார்கள், எடுக்கிற தோல் சுமார் 4 மில்லிமீட்டர்தான். ஒரு தையல் போடுவார்கள். மரக்க ஊசி போடும்போது வீறிட்டாள், அப்புறம் என் மடியில் உட்கார்ந்து போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கிறது, தேடினால்தான் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்த நோய்க்கு இரண்டு துண்டு எடுக்க வேண்டும். ஒன்று கொப்புளத்திலிருந்து, அது ஃபார்மலினில் போகும். இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்தில் பார்க்க நன்றாக இருக்கிற தோலிலிருந்து, அது ஃபார்மலினில் போகவே கூடாது, மிஷெல் திரவம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில்தான் போக வேண்டும். எங்களுக்கு முதலில் எடுத்த இடத்தில் இரண்டையும் ஃபார்மலின் பாட்டிலிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள். இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற முக்கியமான பரிசோதனையே செய்ய முடியாமல் போய், பிள்ளைக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் தையல். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால் எடுப்பதற்கு முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்: "இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குத் தனித் துண்டு எடுக்கிறீர்களா, எந்தத் திரவத்தில் அனுப்புகிறீர்கள்?" கேட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டாப்சோன் எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. ஆரம்பித்த முதல் வாரத்திலேயே புதுக் கொப்புளம் வருவது குறைந்து, ராத்திரி அரிப்பு இல்லாமல் தூங்கினாள். ரத்தம் கொஞ்சம் குறைந்தது, ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள். இடையில் சளிக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நாலைந்து கொப்புளம் எட்டிப்பார்க்கும், அப்போது டோஸைக் கொஞ்சம் கூட்டுவார்கள். நீங்களாகக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம்.


பதில்: தோல் மருத்துவர், மதுரை

பிள்ளையைப் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது, மருந்து முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வயது, இடம், பொருக்கைச் சுற்றி வட்டமாக எழும் கொப்புளம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் டாக்டரின் சந்தேகம் மிகவும் நியாயமானது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கும், அடிவயிறு, தொடை, பிறப்புறுப்புப் பகுதி, வாயைச் சுற்றி என்றுதான் வரும்.

என்ன நடக்கிறது என்றால், மேல்தோலையும் அடித்தோலையும் பிடித்து நிறுத்தும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதில் உள்ள கொலாஜன் 17 என்ற புரதத்தின் பகுதிகளை அந்நியப் பொருள் என்று எண்ணி ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே குவிந்து பிடிமானத்தைக் கெடுக்க, மேல்தோல் கழன்று நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. இது கிருமி இல்லை, அதனால்தான் ஆன்டிபயாடிக் புண்ணை மட்டும் காயவைத்தது. ஒட்டுவாரொட்டியும் இல்லை. உங்கள் டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுங்கள்.

பயாப்ஸி இல்லாமல் ஆரம்பிக்கலாமா என்றால், நான் ஆரம்பிக்க மாட்டேன். வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற நோய்கள் நிறைய. கிருமியால் வரும் கொப்புளம் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பிறவியிலேயே தோல் பலவீனமாக இருந்து உரசிய இடத்திலெல்லாம் கொப்புளிக்கும் நோய் வேறு, அது மரபணுக் கோளாறு, அதற்கு டாப்சோன் பயன்படாது. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் வருவது ஒன்று உண்டு, அதற்கு உணவையே மாற்ற வேண்டும். பெம்ஃபிகஸ் என்ற இன்னொரு கொப்புள நோய் என்றால் மருந்தே வேறு. இம்யூனோஃப்ளோரசன்ஸில் அந்த அடுக்கின் மேல் பச்சையாக ஒளிரும் ஒரே நேர்கோடு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், நோயின் பெயரில் இருக்கும் "லீனியர்" அந்தக் கோடுதான். ஜிப்மர், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். திருநெல்வேலியில் எடுக்கும் துண்டைச் சரியான திரவத்தில் போட்டு அனுப்பவும் முடியும், ஈரோட்டு நண்பர் சொன்னதை அப்படியே கேளுங்கள்.

இன்னொன்று. கொப்புளம் வருவதற்கு முன் பிள்ளை எந்த மருந்து சாப்பிட்டான் என்று தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். சில மருந்துகளாலும் இந்த நோய் கிளம்பும். வான்கோமைசின் அதற்குப் பேர்போனது, அமாக்சிசிலின் கிளாவுலனேட் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அப்படி இருந்தால் அந்த மருந்தை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

இனி டாப்சோன். பிள்ளைகளுக்கு வரும் இந்த நோய்க்கு வழக்கமாக முதலில் எடுப்பதே அதுதான். கிலோவுக்கு அரை மில்லிகிராம் அளவில் ஆரம்பித்துத் தேவைக்கேற்ப மெல்லக் கூட்டுவோம், பொதுவாகக் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. உங்கள் பையனுக்கு ஆரம்ப டோஸ் 7 மில்லிகிராம் சுற்றி வரும், கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 100 மில்லிகிராம் மாத்திரை. கண்ணளவில் உடைத்துக் கொடுத்தால் டோஸ் தாறுமாறாகிவிடும். எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று டாக்டரிடமோ மருத்துவமனை மருந்தாளுநரிடமோ எழுதி வாங்குங்கள். மீதியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், ஒரு முழு மாத்திரை அவனுக்கு ஆபத்து.

ஜி6பிடி பார்க்காமல் ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது. சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் நொதி அது. குறைபாடு இருந்தால் டாப்சோன் பட்டதும் சிவப்பணுக்கள் மொத்தமாக உடையும். ஆண் பிள்ளைகளிடம்தான் இந்தக் குறைபாடு அதிகம். நொதி சரியாக இருப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் இறங்குவது சகஜம். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நிலைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை என்று ரத்தம் பார்ப்போம், கல்லீரல் பரிசோதனையும் சேர்த்து. பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு விஷயம் நடந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. ஒன்று, உதடும் நகமும் நீலம் பாரித்து, மூச்சு வாங்கி, சோர்ந்துபோவது. இரண்டு, காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், கண் மஞ்சளாவது. இந்த இரண்டாவது பெரும்பாலும் ஆரம்பித்து 4 முதல் 6 வாரத்தில் வரும், வைரஸ் காய்ச்சல் என்று எண்ணி வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டு காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லோருக்கும் வராது. ஆனால் வந்தால் முதலில் கண்டுபிடிக்கப்போவது நீங்கள்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் பிள்ளை டாப்சோனில் இருக்கிறான் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

டாப்சோன் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோல்ச்சிசின், சல்ஃபாபிரிடின், சில ஆன்டிபயாடிக்குகள், குறைந்த அளவு ஸ்டீராய்டு என்று வேறு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வருஷங்களில், பருவமடைவதற்குள், தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு நீடிப்பதும் உண்டு.

கடைசியாக ஒன்று, சொல்லச் சங்கடமானது. பிறப்புறுப்பில் கொப்புளம் இருப்பதைப் பார்த்து யாராவது பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம். இந்த நோயில் அப்படித் தவறாக எண்ணப்பட்டது மருத்துவப் பதிவுகளிலேயே இருக்கிறது. பயாப்ஸி அறிக்கை கையில் இருந்தால் அந்த வேதனை உங்களுக்கு மிச்சம். பயாப்ஸி வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.


பதில்: வார்டு செவிலி

அம்மா, மருந்து வேலை செய்யும் வரைக்கும் தோலைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கவே உரிக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு எதுவும் இல்லை. பெரிசாகி வலித்தால் ஆஸ்பத்திரியில் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்துவிடுவோம், தோல் அப்படியே புண் மேல் படிந்துகொள்ளும். உடைந்த இடத்தில் வாசலின் தடவி, ஒட்டாத வாசலின் காஸ் வைத்துக் கட்டுங்கள். பஞ்சு வைத்தால் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்திரி நேராகத் தோலில் படக் கூடாது.

எலாஸ்டிக் வைத்த ஜட்டி, டிராயர் வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் வேட்டியைக் கிழித்து லுங்கி மாதிரி கட்டிவிடுங்கள், படுக்கையிலும் அதையே விரியுங்கள். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தூக்கத்துக்கு அரிப்பு சிரப் எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள்.

முதுகு, பின்புறம் எல்லாம் புண்ணாகிப் படுக்கவே முடியாத பிள்ளைகளை வாழையிலை மேல் படுக்க வைத்திருக்கிறோம். அது பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மும்பையில் தீக்காய நோயாளிகளுக்கு வாழையிலைக் கட்டு போட்டு ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டிருக்கிறார்கள், இலை புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது. ஆனால் தோட்டத்திலிருந்து வெட்டிய இலையை அப்படியே போடக் கூடாது, கிருமி நீக்கி வைப்பது ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

அக்கி எழுதுவது பற்றி. பெரியவர்கள் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதனால் சண்டை போடாதீர்கள். அவர்கள் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் ஹெர்பிஸ், அது எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். இது மாதக்கணக்கில் வருகிறதே, அக்கி இப்படி வருமா என்று அத்தையிடமே கேளுங்கள், அவர்களுக்கே புரியும். திறந்த புண்ணில் காவிக்கல்லை உரைத்துத் தடவினால் சீழ் பிடிக்கும், கொப்புளம் எது காவி எது என்று டாக்டருக்கும் தெரியாமல் போகும். நேர்ந்துகொள்வது, விபூதியை நெற்றியில் வைப்பது எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். புண்ணில் மட்டும் எதுவும் படக் கூடாது.


பதில்: செங்கல்பட்டுக்காரன்

தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மருந்துக்கடைக்காரர் கேட்டதைப் படித்ததும் மனசு பொறுக்கவில்லை. தாயி, டாப்சோன் தொழுநோய்க்கென்றே பிறந்த மருந்து இல்லை. 1908இல் ஜெர்மனியில் செய்யப்பட்டபோது அதற்கு நோய் எதுவுமே ஒதுக்கப்படவில்லை. 1940களில்தான் தொழுநோய்க்கு வந்தது, அதை ஆரம்பத்தில் கொடுத்துப் பார்த்த இடங்களில் எங்கள் செங்கல்பட்டுத் திருமணியும் ஒன்று, ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் அங்கே இருந்தார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களை மறுபடி வீட்டுக்கு அனுப்பிய மாத்திரை அது. கையில் வாங்க யாரும் கூச வேண்டியதில்லை.

தொழுநோயில் அது பாக்டீரியாவைத் தடுக்கிறது, உங்கள் பையனுக்கு நியூட்ரோஃபில் அணுக்களின் ஆட்டத்தை அடக்குகிறது. ஒரே மாத்திரைக்கு இரண்டு வேலை. அதனால் சீட்டில் டாப்சோன் என்று இருந்தால் தொழுநோய் என்று அர்த்தம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: விலை மலிவு, சுகாதார நிலையத்திலும் இருக்கும் என்று தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டையை யாராவது தந்தால் வாங்காதீர்கள். அதில் வேறு மருந்துகளும் சேர்ந்திருக்கும், டோஸும் வேறு.


சின்னவன் அம்மா, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா சொன்ன மாதிரியே அத்தையிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, முதல்ல டாக்டர் சொல்றதைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் இருந்த பழைய வேட்டிதான் இப்போது அவனுக்கு உடை. இவரும் இங்கே வந்த பதில்களை எல்லாம் உட்கார்ந்து படித்தார். ஜி6பிடி நார்மல் என்று வந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரியில் திங்கட்கிழமை பயாப்ஸி, இரண்டு துண்டு, மிஷெல் திரவம் இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு சந்தேகம் டாக்டர். வாராவாரம் ரத்தம் எடுக்கும்போது வலிக்காமல் இருக்க மரக்கிற கிரீம் தடவலாம் என்று அக்கா மகள் சொன்னாள், தடவலாமா? 5 வயதில் போட வேண்டிய டிபிடி ஊசி போடலாமா? அப்புறம் நேற்றிலிருந்து இடது கண் சிவந்திருக்கிறது, தூசி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன், இதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்குமா?


பதில்: தோல் மருத்துவர், மதுரை

கண்ணைப் பற்றி முதலில். சம்பந்தம் இருக்கலாம். இந்த நோய் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் கண்ணிலும் வரும், கண்ணில் வந்து கவனிக்காமல் விட்டால் இமையும் விழியும் ஒட்டித் தழும்பாகிப் பார்வையையே பாதிக்கும். தூசியாகவே இருந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் நாளைக் காலையில் கண் டாக்டரிடம் காட்டுங்கள், லீனியர் ஐஜிஏ சந்தேகம் இருக்கிறது என்று சொல்லியே காட்டுங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம்.

மரக்கிற கிரீம்களில் பலவற்றில் பிரிலோகெய்ன் என்ற மரக்க மருந்து இருக்கிறது. அதுவும் டாப்சோனும் சேர்ந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து கூடும். டாப்சோன் ஆரம்பித்த பிறகு டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள், லிக்னோகெய்ன் மட்டும் உள்ளதைத் தரச் சொல்லிக் கேட்கலாம். டிபிடி உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி இல்லை, அதற்கு டாப்சோன் தடை இல்லை. ஸ்டீராய்டு ஏதாவது நடுவில் சேர்த்தால் மட்டும் எந்தத் தடுப்பூசிக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்.


பதில்: ஈரோட்டு அப்பா

சகோதரி, காலையில் கண் டாக்டரிடம் போகும்போது இதுவரை கொடுத்த சிரப் பாட்டில்கள், பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கொப்புளங்களைத் தேதி தெரிகிற மாதிரி போனில் படமும் எடுத்து வையுங்கள், திங்கட்கிழமைக்குள் சில காய்ந்துவிடும், புதுசாக வந்த சின்னக் கொப்புளம் எது என்று காட்டினால் அங்கேதான் துண்டு எடுப்பார்கள். கண் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.